காவிரி டெல்டாவில் பவர் கைட் விட ஆரம்பிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகள் "அகலமான புல்வெளிக்குப் போய் நில்லுங்கள்" என்று ஒரே வரியில் இடத்தை முடித்துவிடுகின்றன. நம் ஊரில் அந்த ஒரு வரிதான் பெரும்பாடு. வயல் காலியாகக் கிடக்கும்போது காற்று சாயந்திரம்தான் எட்டிப் பார்க்கிறது. காற்று வெளுத்து வாங்கும்போது வயலில் நாற்று நிற்கிறது. அதனால் பட்டத்தைவிட இடத்தையும் காலத்தையும் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

பவர் கைட் என்பது என்ன? நாம் விடும் பட்டத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

நம் பட்டத்துக்கு ஒரே நூல். மேலே ஏறி நின்றுவிட்டால் அதன் வேலை முடிந்தது. பவர் கைட்டுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு நூல்கள். நீளம் பெரும்பாலும் 20 முதல் 25 மீட்டர்தான். அதற்கு மேல் விடுவதில்லை. இடது நூலை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது நூலை இழுத்தால் வலப்பக்கம். உயரத்துக்காக விடுவதல்ல இது, இழுவைக்காக விடுவது.

ஆரம்பத்தில் வாங்கும் வகைக்கு ஃபாயில் என்று பெயர். அதில் குச்சியே கிடையாது. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் வரிசையாக அறைகள், முன்விளிம்பில் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்து உப்பியதும் விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். மடித்தால் புத்தகப் பைக்குள் அடங்கும்.

இதை யார் கண்டுபிடித்தது?

ஒரே ஆள் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் போகாக் 1820-களிலேயே பட்டங்களைக் கட்டி வண்டி ஓட்டிக் காட்டினார். 1826-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குதிரை இல்லாத வண்டிக்கு எந்தக் கணக்கில் சுங்கம் வாங்குவது என்று சாவடிக்காரர்கள் திணறியதாக ஒரு கதை உண்டு. உப்பும் அறைகள் கொண்ட துணி இறக்கையை 1960-களில் அமெரிக்காவின் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கினார். 1970-களில் இங்கிலாந்தில் வந்த ஃப்ளெக்சிஃபாயில் என்ற பட்டம்தான் ஆளை இழுக்கும் பட்டத்தை விளையாட்டுப் பொருளாக்கியது. பட்டம் இழுத்து ஓடும் மூன்று சக்கர பக்கி வண்டியைப் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின்.

அப்படி எவ்வளவுதான் இழுக்கும்?

இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. பட்டம் நகரும்போது தானே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்வதால் இழுவை இன்னும் கூடும்.

தோராயமாக ஒரு கணக்கு. 2 சதுர மீட்டர் பட்டம், மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று. தலைக்கு மேல் சும்மா நிற்கும்போது 3 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு போன் பேசலாம் போலிருக்கும் (பேசாதீர்கள்). அதே பட்டத்தை உங்களுக்கு நேர் எதிரே குறுக்காகப் பாயவிட்டால் 12 முதல் 25 கிலோ வரை போகும். காற்று 40 கிலோமீட்டர் ஆனால்? சும்மா நிற்கும்போதே 12 கிலோ, பாயும்போது 50-ஐத் தாண்டி 100 வரை. உங்கள் எடை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

தை பிறந்து மழை விலகியதும் கடற்கரையில் தொடங்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்து கரைக்கு வீசும். தண்ணீர்ப் பரப்பின் மேல் தடையில்லாமல் வருவதால் அந்தக் காற்று சீராக இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம்.

ஆனால் அதே மாதங்களில் உள்ளூர் வயலில் இறங்கிவிடாதீர்கள். சம்பா அறுத்த வயல் பார்வைக்கு வெறும் தரிசாகத் தெரியும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு நிற்கும் அந்தப் பயிரை 25 மீட்டர் நூலோடு நீங்கள் முன்னும் பின்னும் மிதித்தால், வயல்காரர் வந்து கேட்பது நியாயம்தான்.

பயறு பிடுங்கிய பிறகு, அதாவது ஏப்ரல், மே மாதங்களில் வயல் உண்மையிலேயே காலி. டெல்டாவின் உட்பகுதியில் இருப்பவர்களுக்கு என் கணக்கில் இதுதான் பொற்காலம். காலையில் இலை அசையாது. நண்பகல் வாக்கில் கரையோரம் கடற்காற்று எழும்பி, மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் சாயந்திரத்தில் வந்து சேரும். தென்கிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்று பெரும்பாலும் மணிக்கு 12 முதல் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும். வெயிலும் தணிந்திருக்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, அதைத் தொடர்ந்து குறுவை என்று வேலை தொடங்கியதும் வயலை மறந்துவிடுங்கள்.

கோடையில் கவனிக்க வேண்டியது இடிமழை. மேற்கே கருமேகம் திரண்டு, இருந்த காற்று திடீரென்று அடங்கினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். மழைக்கு முன்னால் ஓடிவரும் சூறை சில நொடிகளில் காற்றைத் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று மடங்காக்கிவிடும். மேகத்தைப் பார்த்த உடனே சுருட்டிவிடுங்கள். மழைத்துளி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி நடுவரை வேண்டாம். தொடர்மழை, புயல் சின்னம், சேறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா என்ன செய்தது என்று வேதாரண்யத்துக்காரரிடம் கேளுங்கள்.

ஆடி மாதம்தானே காற்று மாதம்? அப்போது விட்டால் என்ன?

அதிகம் பேர் கேட்பது இதுதான். எனக்குக் கொஞ்சம் பயம் தரும் கேள்வியும் இதுதான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, 2 சதுர மீட்டர் துணியின் முனையில் தொங்கும் ஆள் நிச்சயம் தடுமாறுவார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டு இடைவெளி வழியாகப் புகுந்து, தமிழ்நாட்டின் குறுக்கே ஓடி நம்மிடம் வருகிறது. நிலத்தின் மேலேயே அவ்வளவு தூரம் வருவதாலும், வெயிலில் சூடேறிய தரை கீழிருந்து கிளப்புவதாலும் அது விட்டு விட்டு மோதும். வேகம் அதிகம் என்பதைவிட ஒரே வேகத்தில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். 25 கிலோமீட்டரில் இருந்த காற்று ஒரு மோதலில் 45-க்கு எகிறினால், இழுவை மூன்று மடங்குக்கு மேல் கூடும். ஆரம்பக்காரருக்கு அதைக் கையாளக் கையும் பழகியிருக்காது, காலும் பழகியிருக்காது.

கடற்கரையில் நிலைமை இன்னும் மோசம். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்த மேல்காற்று அங்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். சவுக்குத் தோப்பையும் வீடுகளையும் தாண்டி வருவதால் சுழலும். பட்டத்தைக் கைவிட்டால் அது வங்காள விரிகுடாவில். கைவிடாமல் பிடித்துக்கொண்டால் நீங்களும் அதே திசையில்.

ஒரு வருடம் விட்டுப் பழகியபின் 1.5 சதுர மீட்டர் பட்டத்தோடு ஆடியில் காலை 7 மணிக்கு, தரை சூடேறும் முன் இறங்கிப் பாருங்கள். முதல் வருடம் ஆடியில் கொடிக்கம்பத்தைப் பார்த்துக் காற்றைப் படிக்கப் பழகினாலே போதும்.

இடம் எப்படித் தேடுவது? வயலா, கொள்ளிடமா, கடற்கரையா?

முதலில் ஒரு பொது விதி. காற்று வரும் பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது ஏழு மடங்கு தூரத்துக்கு அதன் பின்னால் காற்று கலங்கியிருக்கும். ஒரு தென்னை 15 மீட்டர் என்றால் 100 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். நம் பக்கம் எந்த வரப்பில் தென்னை இல்லை? அதனால்தான் வீட்டுக் கொல்லையில் பட்டம் எழும்பாமல் புரண்டு புரண்டு விழுகிறது. பட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்.

வயல் என்றால் மே மாதம், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. அறுவடை இயந்திரம் விட்ட தாள் நீளமாகவும் கூராகவும் இருக்கும். நூல் அதில் சிக்கும், துணி உரசும். மாடு மேய்ந்து, மிதிபட்டுத் தரையோடு போன வயலாகப் பாருங்கள். களிமண் வெடித்த பாளத்தில் குதிகால் மாட்டிக்கொண்டால் கணுக்கால் போய்விடும். வரப்பில் முதுகு காட்டி நடக்காதீர்கள். கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள். தலைக்கு மேல் பெரிய நிழல் பாய்ந்தால் வாத்துக்கூட்டம் மிரண்டு நாலாபக்கமும் சிதறும். மேய்ப்பவர் நாள் முழுதும் திட்டிக்கொண்டே அவற்றைத் தேடுவார்.

கொள்ளிடம்தான் எனக்குப் பிடித்த இடம். பிப்ரவரி முதல் மே வரை மணல் காய்ந்து கிடக்கும். ஆறு பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், மேல்காற்றானாலும் கடற்காற்றானாலும் ஆற்றின் நீளவாக்கில் வரும். கரை மரங்கள் குறுக்கே நிற்பதில்லை. விழுந்தாலும் மணல். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், சிலவற்றில் தண்ணீர் நிற்கும். பட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிறவருக்கு அது கிணறு மாதிரி. பட்டத்தை விரிக்கும் முன் சுற்றிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். நாணல் புதர்களையும் கணக்கில் வையுங்கள். மேட்டூர் நிரம்பினால் உபரி நீரைக் கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். பருவம் தொடங்கிய பிறகு ஆற்றுக்குள் இறங்குவதே தவறு.

கடற்கரை என்றால் எல்லாக் கடற்கரையும் இல்லை. வேளாங்கண்ணியில் கூட்டம். தரங்கம்பாடியில் கோட்டையைச் சுற்றி எப்போதும் யாராவது இருப்பார்கள், மணலும் குறுகல். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். வெளிமானும் பூநாரையும் இருக்கும் இடத்தில் வண்ணத்துணியைப் பறக்கவிடுவது சட்டப்படியும் தவறு, மனசுக்கும் ஒப்பாது. முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் காலே வைக்க முடியாது. வேதாரண்யத்து உப்பளம் தட்டையாகக் கண்ணை இழுக்கும். அது உப்புத் தொழிலாளர்கள் பாத்தி கட்டிய நிலம், விளையாட்டு மைதானம் அல்ல. இரண்டு மீனவ ஊர்களுக்கு நடுவே உள்ள வெற்று மணலைத் தேடுங்கள். பக்கத்து ஊரில் பெரியவர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலை காயப்போட்டிருக்கும் இடத்திலும், படகு இழுத்து ஏற்றும் இடத்திலும் நிற்காதீர்கள். இன்றைக்கு எந்தக் காற்று, எத்தனை மணிக்கு மாறும் என்று எந்தச் செயலியையும்விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

பள்ளி மைதானம், ஞாயிறு காலை, சின்னப் பட்டம், 15 மீட்டர் நூல் என்றால் சமாளிக்கலாம். காய்ந்த குளம் ஒத்துவராது. கரையே காற்றை மறைத்துவிடும்.

மின்கம்பி அருகில் எவ்வளவு தூரம் வரை போகலாம்?

அருகில் போகவே கூடாது. டெல்டாவில் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய ஆபத்து காற்று அல்ல, மோட்டார் லைன்தான். பம்புசெட்டுக்காக வயலுக்கு நடுவே 11,000 வோல்ட் கம்பிகள் போகின்றன. பல இடங்களில் தொய்ந்தும் இருக்கும். உங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள், காற்று போகும் பக்கத்தில் 200 மீட்டருக்குள் கம்பி இல்லாத இடத்தில்தான் நில்லுங்கள். ஈரமான நூல், உப்புப் படிந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியில் பட்டம் மாட்டிக்கொண்டால் அந்த நொடியே கைப்பிடியை விட்டுவிட்டு விலகி, யாரையும் நெருங்கவிடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பட்டம் போனால் போகட்டும்.

இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல்: எது வாங்குவது?

இரண்டு நூல் பட்டம் விலை குறைவு, எளிது. ஆனால் பிரேக் இல்லை. மூன்று நூல் என்பது ஒரு குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடும் பயிற்சிப் பட்டம். கம்பியைக் கைவிட்டால் மூன்றாவது நூல் பட்டத்தை மடக்கித் தரையில் போட்டுவிடும். நான்கு நூலில் இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொன்றின் மேல்முனையில் இழுவை நூல், கீழ்முனையில் பிரேக் நூல். மணிக்கட்டில் ஒரு வார் கட்டிக்கொள்வோம். கைப்பிடியை விட்டதும் அந்த வார் பிரேக் நூலை மட்டும் இழுத்துப் பிடித்து, பட்டத்தைச் சாகடித்துவிடும்.

நம் பக்கத்துக் காற்றுக்கு என் ஓட்டு நான்கு நூல், 2 சதுர மீட்டர். காற்று திடீரென்று ஏறும் ஊரில் பிரேக் இல்லாத பட்டம் வேண்டாம். உங்கள் எடை 55 கிலோவுக்குக் கீழ் என்றால் 1.5, 75-க்கு மேல் என்றால் 2.5 வரை. பின்னால் கைட் சர்ஃபிங் (பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவது) போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மூன்று நூல் வாங்குங்கள். கம்பி பிடித்துப் பழகியிருப்பது உதவும். "பெரிசா வாங்கிட்டா ரொம்ப நாளைக்கு வரும்" என்ற கணக்கு சைக்கிளுக்குச் சரி, இதற்குச் சரிவராது.

விலை எவ்வளவு? பழையது வாங்கலாமா?

ஓசோன், எச்.க்யூ., பிரிசம், பீட்டர் லின் போன்ற பெயருள்ள கம்பெனிகளின் பயிற்சிப் பட்டங்கள் வெளிநாட்டில் சுமார் 100 முதல் 250 டாலர். இங்கே வந்து சேரும்போது அஞ்சலும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும். பெயர் தெரியாத மலிவுப் பட்டங்களில் துணி பரவாயில்லை, நூல்தான் மோசம். நீண்டு நீண்டு ஒரு பக்கமாக இழுக்கும்.

பழையது தாராளமாக வாங்கலாம், பார்த்து. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் கசிந்தால் அது வெயில் தின்ற துணி. வெளிச்சத்தில் பிடித்துத் தையல் ஓரங்களைப் பாருங்கள். நூல்களின் ஒரு முனையை எல்லாம் ஒரே ஆணியில் மாட்டி மறுமுனையை இழுத்துப் பிடித்தால் நீள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே பக்கத்து நூல் நீண்டிருந்தால் பட்டம் நேராகப் பறக்காது. புது நூல் மாற்றலாம் என்பதால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நாமே தைக்க முடியாதா?

முடியும். நாசாவில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் ரோகலோவின் வளையும் இறக்கை ஆய்விலிருந்து வந்த ஒற்றைத் துணிப் பட்டம் ஒன்று உண்டு. என்.பி.டபிள்யூ. 5 என்று பொழுதுபோக்குக்காரர்கள் சொல்வார்கள். அறை கிடையாது, ஒரே துணிதான், வெட்டும் அளவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குடைத்துணியில் தைத்தால் கொஞ்சம் கனக்கும், ஆனால் பறக்கும். கிழிசல் பரவாதபடி நெய்த ரிப்ஸ்டாப் நைலான் கிடைத்தால் இன்னும் நல்லது. தையல் பெரிய விஷயமில்லை; பிளவுஸ் தைக்கத் தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை. பட்டத்தின் வயிற்றிலிருந்து வரும் கட்டு நூல்களை அளந்து முடிவதுதான் கண்ணைப் பிடுங்கும். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் பட்டம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். முதல் பட்டமாக இதை நான் சொல்லமாட்டேன். கோளாறு பட்டத்திலா கையிலா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

காற்றின் வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

கையடக்கக் காற்றுமானி ஒன்று வாங்கிவிடுங்கள். செயலிகள் நாளைக்கு எந்தத் திசை என்று பார்க்க உதவும். உங்கள் வயலில் இந்த நிமிடம் என்ன வேகம் என்று அவற்றுக்குத் தெரியாது. கருவி இல்லாவிட்டால் ஊர் முகப்பில் இருக்கும் கட்சிக்கொடிகளைப் பாருங்கள். எந்தக் கட்சிக் கொடியானாலும் காற்றைப் பற்றிப் பொய் சொல்லாது. கொடி விரிந்து நின்று, இலைகளும் சிறு குச்சிகளும் அசைந்துகொண்டே இருந்தால் 12 முதல் 19 கிலோமீட்டர். கற்க இதுதான் அளவு. தூசியும் காகிதமும் கிளம்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது. சிறு மரங்கள் ஆடினால் 30-க்கு அருகில் அல்லது மேலே. ஆரம்பக்காரர் வீட்டுக்குப் போகலாம். மின்கம்பி ஊளையிட்டால் 40, பழகியவரும் போகலாம்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் பாதிக் கவிழ்த்த குடைபோல ஒரு வெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; பட்டம் அதன் உள்பரப்பில்தான் சுற்றும். உச்சியிலும் இரண்டு ஓரங்களிலும் இழுவை குறைவு. நேர் எதிரே, தாழ்வாக வரவர இழுவை அதிகம். இந்த ஒன்று மனதில் இருந்தால் பாதி கற்றுக்கொண்ட மாதிரி.

பட்டத்தை மல்லாக்க விரியுங்கள், கட்டு நூல்கள் மேலே தெரியும்படி. பின்விளிம்பு உங்கள் பக்கம், வாய் இருக்கும் முன்விளிம்பு அந்தப் பக்கம். பின்விளிம்பின் மேல் நாலைந்து கைப்பிடி மணல் போடுங்கள். கல் வேண்டாம், துணி கிழியும். அங்கிருந்து காற்று வரும் திசையை நோக்கி நடந்தபடியே நூலை அவிழ்த்து விடுங்கள். நான்கு நூலும் ஒன்றையொன்று தாண்டாமல் கிடக்கிறதா என்று பட்டம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அவசரப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள்தான் அடுத்த அரை மணி நேரம் குந்திக்கொண்டு சிக்கெடுப்பார்கள்.

மணிக்கட்டு வாரை மாட்டிக்கொண்டு கைப்பிடிகளை எடுங்கள். இரண்டடி பின்னால் வைத்து, மேல்நூல்களை ஒரே சீராக இழுங்கள். முன்விளிம்பு எழும்பும், வாயில் காற்று புகும், படபடவென்று அறைகள் உப்பும், மணல் உதிர்ந்து பட்டம் கிளம்பிவிடும். எல்லோரும் இந்த நொடியில் கையைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். தூக்காதீர்கள். கைகள் இடுப்பளவில், ஒன்றுக்கொன்று அருகில் இருக்கட்டும். கார் ஸ்டியரிங் மாதிரித் திருப்பக் கூடாது. இடது வேண்டுமானால் இடது கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நேரே மேலே ஏற்றி உச்சியில் நிறுத்துங்கள். அங்கே அசையாமல் நிறுத்தப் பழகுவதே முதல் நாள் வேலை. அப்புறம் உச்சியிலிருந்து கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. பெரிய எட்டு போடுவதெல்லாம் இன்னொரு நாள்.

நூல் ஒன்றிரண்டு முறை முறுக்கிக்கொண்டால் பயப்பட வேண்டாம். இந்த நூல் வழுக்கும் தன்மையுள்ளது, முறுக்கோடும் வேலை செய்யும். எதிர்ப்பக்கம் ஒரு சுற்று விட்டால் பிரிந்துவிடும்.

இறக்க, பட்டத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய், கைப்பிடிகளின் கீழ்முனையை உங்கள் பக்கம் சீராக இழுங்கள். காற்று இறங்கிப் பட்டம் பின்வாங்கித் தரையில் உட்காரும். உடனே பிரேக் நூல்கள் இறுக்கமாக இருக்கும்படி கைப்பிடிகளை ஒரு நீள முளையில் மாட்டி, பட்டத்தின் மேல் மறுபடி மணல் போடுங்கள். வயலுக்கு நீள ஸ்க்ரூடிரைவர் போதும், மணலுக்கு முழ நீள முளை வேண்டும்.

கைவிடுவதை வேண்டுமென்றே பழகுங்கள். காற்று குறைவாக இருக்கும்போதே, பட்டம் மேலே இருக்கையில் இரண்டு கைப்பிடிகளையும் போட்டுவிட்டுப் பாருங்கள். ஆபத்தில் மனித சுபாவம் இறுக்கிப் பிடிப்பதுதான். விடுவதைக் கைக்குச் சொல்லித்தர வேண்டும்.

கையுறை, முழுக்கால் சட்டை, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இருந்தால் நல்லது. வேட்டி, லுங்கி வேண்டாம்.

வீடியோக்களில் பத்தடி உயரம் குதிக்கிறார்களே?

குதிக்காதீர்கள். மேலே தூக்கிய பட்டம் அதே மென்மையோடு இறக்கிவிடும் என்ற உத்தரவாதம் கிடையாது. காற்று ஒரு நொடி அடங்கினால் பட்டம் தளரும், நீங்கள் வெடித்த களிமண்ணில் இறங்குவீர்கள்.

மாஞ்சா தடை இருக்கிறதே, போலீஸ் பிடிக்குமா?

தடை இருப்பது கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாவுக்கும், நைலான் போன்ற செயற்கை இழையில் செய்த பட்ட நூலுக்கும். 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. பவர் கைட் நூலும் டைனீமா போன்ற செயற்கை இழையில் பின்னியதுதான். ஆனால் மாஞ்சா பூச்சு இல்லை, அறுப்பதற்காகச் செய்ததும் இல்லை. ஊரில் பட்டம் என்றாலே மாஞ்சாதான் ஞாபகம் வரும். யாராவது கேட்டால் நூலை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடியும். இந்த நூலுக்கும் தடை பொருந்துமா, உள்ளூரில் பட்டத்துக்குத் தனித்தடை ஏதும் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

அதற்காக இந்த நூல் சாது என்று நினைக்க வேண்டாம். இறுகிய நிலையில் கழுத்தில் உரசினால் இதுவும் அறுக்கும். பாதை, வண்டித்தடம், கிழக்குக் கடற்கரைச் சாலை எதையும் நூல் தாண்டும்படி நிற்கக் கூடாது.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய் 30 விமானங்களின் 222-ஆவது படைப்பிரிவு இருக்கிறது. 25 மீட்டர் நூல்தானே என்று விமானப்படைத் தளத்தின் பக்கம் போகாதீர்கள். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் 'விமானம்' என்பதன் வரையறையிலேயே பட்டத்தையும் சேர்த்திருந்தது என்பது உபரித் தகவல்.

பிள்ளைகள் விடலாமா?

10, 12 வயதுப் பிள்ளைகளுக்கு 1 சதுர மீட்டர் சுமாருக்கு இரண்டு நூல் பட்டம், மெல்லிய காற்று, பக்கத்தில் பெரியவர் ஒருவர். உங்கள் பட்டத்தை "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ" என்று கொடுக்காதீர்கள். கொள்ளிடத்தில் பட்டம் ஏறிய ஐந்தாவது நிமிடம் எங்கிருந்தோ பத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எல்லோரையும் உங்கள் முதுகுப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். முன்னால் யாரும் போகக் கூடாது. கூட ஒரு நண்பர் வந்தால் அவருக்கு இதுதான் வேலை.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

கடற்கரையில் விட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். அறைக்குள் போன மணலைக் கவிழ்த்து உதறுங்கள். பறக்காத நேரத்தில் வெயிலில் விரித்து வைக்காதீர்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். நெல் மூட்டை இருக்கும் வீடு என்றால் தகரப் பெட்டியில் வையுங்கள். எலிக்கு நைலானும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான்.

நன்றாகப் பழகியபின் அடுத்து என்ன? பக்கி ஓட்டலாமா?

பக்கிக்கு இறுகிய தரை வேண்டும். கொள்ளிடத்து மணலிலும் நம் கடற்கரை மணலிலும் சக்கரம் புதைந்துவிடும். மே மாத வயலில் தரை இறுக்கம்தான், ஆனால் ஐம்பதடிக்கு ஒரு வரப்பு. டெல்டாவுக்குள் பக்கி சரிப்படாது.

தண்ணீரில் போக ஆசையிருந்தால் ராமேஸ்வரம் பக்கம் கைட் சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும் அங்கே காற்று கிடைக்கும், ஆழம் குறைந்த அமைதியான கடலும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே நடந்தது. அதற்கு நீச்சலும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் கட்டாயம். தனியாக நாகப்பட்டினம் கடலில் இறங்கிக் கற்றுக்கொள்ளும் காரியமல்ல. பட்டத்தைப் பார்க்காமலேயே கையால் உச்சியில் நிறுத்தவும், ஒற்றைக் கையில் ஓட்டவும் தரையிலேயே பழகிவிட்டுப் போனால், அங்கே பயிற்சிக்குக் கட்டும் பணத்தில் முதல் சில மணி நேரம் மிச்சம்.